சூரியனை மறைக்கத் தெரியாத நிலவுகள்

2022 ஏப்ரல் 2 அன்று, செவ்வாயின் ஜெஸிரோ பள்ளத்தில் நின்றிருந்த பெர்சிவரன்ஸ் ரோவர் தன் கேமராவைத் தூக்கி நேராகச் சூரியனைப் பார்த்தது. அப்படி எடுத்த படங்களை வரிசையாகக் கோத்து நாசா ஒரு வீடியோ வெளியிட்டது. மொத்தம் நாற்பது விநாடி சொச்சம். நான் அதை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

வீடியோவில் பெரிதாக ஒன்றும் இல்லை. கறுப்புப் பின்னணியில் ஒரு வெள்ளைத் தட்டு. அதன் ஓரத்தில் ஒரு கடி விழுகிறது. கடி பெரிதாகி, கோணல்மாணலான ஒரு கறுப்புப் பொருள் தட்டுக்குள் முழுசாக நுழைகிறது. வட்டமா என்றால் இல்லை. வெட்டி வைத்த கருணைக்கிழங்குத் துண்டு மாதிரி ஒரு பக்கம் உப்பி, ஒரு பக்கம் சப்பி இருக்கிறது. தட்டின் குறுக்கே நகர்ந்து மறுபக்கம் வெளியேறிவிடுகிறது. அவ்வளவுதான். செவ்வாயின் நிலவான போபோஸ் சூரியனைக் கடந்து போய்விட்டது.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் சுவாரஸ்யம். கறுப்புப் பொருளின் விளிம்பு வழவழப்பாக இல்லை. மேடு, பள்ளம், ஒரு முனையில் சின்னப் புடைப்பு. வெள்ளைத் தட்டில் நுணுக்கமான புள்ளிகள் தெரியும். அவை சூரியனின் கரும்புள்ளிகள். போபோஸ் அவற்றைத் தாண்டிப் போகும்போது எது சூரியனோடு ஒட்டிய புள்ளி, எது நடுவில் வந்த பாறை என்று கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

நம் ஊர் கிரகணத்தில் இந்த வேலை நடக்காது. பூமியின் நிலா அழகான வட்டம். சூரியனும் வட்டம். இரண்டும் வானத்தில் ஏறக்குறைய ஒரே அளவு, அரை டிகிரி. அதனால் ஒன்றை ஒன்று கச்சிதமாக மூடுகிறது. சூரியன் நிலாவைவிடச் சுமார் 400 மடங்கு பெரிது, சுமார் 400 மடங்கு தொலைவிலும் இருக்கிறது. இந்தப் பொருத்தம் தற்செயல். செவ்வாய்க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே இரண்டு நிலவுகள் இருந்தும் ஒன்றுக்குக்கூடச் சூரியனை மறைக்கத் தெரியாது. ஆனால் இப்படி மறைக்கத் தெரியாமல் போனதால்தான் அவை நமக்கு இவ்வளவு தகவல் தருகின்றன என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் அளவுகள். போபோஸ் சுமார் 27 கி.மீ. நீளம், 22 கி.மீ. அகலம், 18 கி.மீ. தடிமன். செவ்வாயின் தரையிலிருந்து சுமார் 6,000 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. நம் நிலா நம்மிடமிருந்து 3,84,000 கி.மீ. தள்ளி இருப்பதை நினைத்துக்கொண்டால், இது தலையில் இடிக்காத குறை. செவ்வாயை ஒருமுறை சுற்ற அதற்கு 7 மணி 39 நிமிடம் போதும். செவ்வாயின் ஒரு நாளோ நம் நாளைவிடச் சுமார் 40 நிமிடம் அதிகம். அதாவது தரை ஒரு சுற்று முடிப்பதற்குள் போபோஸ் மூன்று சுற்று முடித்துவிடுகிறது. அதனால் அது மேற்கே உதித்துக் கிழக்கே மறைகிறது. சுமார் 11 மணி நேரத்துக்கு ஒரு தடவை உதயம். நாலு மணி நேரத்தில் அஸ்தமனம்.

இன்னொரு நிலவு டெய்மோஸ். நீளம் 15 கி.மீ. சொச்சம். செவ்வாயின் மையத்திலிருந்து சுமார் 23,460 கி.மீ. தள்ளி, 30 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. செவ்வாய் சுழலும் வேகத்துக்கும் அது சுற்றும் வேகத்துக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம் என்பதால், கிழக்கே உதித்தால் மேற்கே போய்ச் சேர அதற்குச் சுமார் இரண்டரை நாள் ஆகும். ஒரே வானத்தில் ஒன்று ஓடுகிறது, இன்னொன்று நகரவே யோசிக்கிறது.

செவ்வாயிலிருந்து பார்த்தால் சூரியன் 21 கலை அகலம். (60 கலை சேர்ந்தால் ஒரு டிகிரி, பூமியிலிருந்து சூரியன் சுமார் 32 கலை.) போபோஸ் நேர் உச்சியில் இருக்கும்போது அதிகபட்சம் 12 கலை. அடிவானத்தில் இருக்கும்போது நமக்கும் அதற்கும் இடைவெளி கூடுவதால் 8 கலைதான். டெய்மோஸ் வெறும் 2 கலை. ஆக, போபோஸ் நட்ட நடுவில் கடந்தாலும் சூரியனின் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் தடுக்கும். டெய்மோஸ் தடுப்பது நூற்றில் ஒரு பங்கு. அது சூரியனைக் கடந்து போனால், தரையில் நிற்கிற ஆளுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தைத் திண்டுக்கல், கோவை, ஈரோடு பக்கம் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நடுவில் கறுப்பு, சுற்றிலும் நெருப்பு வளையம், சுமார் மூன்று நிமிடம். போபோஸ் நடுவில் வந்து நிற்கும்போது அதுவும் ஒரு வளைய கிரகணம்தான். ஆனால் வளையத்தின் உள் விளிம்பு பிய்ந்தும் நெளிந்தும் இருக்கும். மூன்று நிமிடமும் கிடையாது. முப்பது விநாடி, கூடிப்போனால் நாற்பது.

அந்த வீடியோவை அத்தையிடம் காட்டினேன். ஐந்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏண்டா, அப்போ அங்கேயும் கிரகணம் பிடிக்குமா?" என்றார்.

"பிடிக்கும் அத்தை. அரை நிமிஷத்துல விட்டுரும்."

"அரை நிமிஷத்துக்கு எவ போயி உலையை எறக்கி வச்சு, தலைக்குக் குளிச்சு, மறுபடி ஏத்துறது? தர்ப்பையைக் கிள்ளிப் போடறதுக்குள்ள முடிஞ்சிருமே!"

அத்தை சொன்னதில் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. தர்ப்பை கிள்ளுகிற நேரத்தில் முடிந்துபோகும் ஒன்றை, கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிற இயந்திரத்தை வைத்து எப்படிப் படம் எடுப்பது?

ரோவரை இங்கிருந்து நேரடியாக ஓட்ட முடியாது. செவ்வாய் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து, நாம் அனுப்பும் கட்டளை போய்ச் சேர 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். "இதோ வருது, எடு" என்று சொல்கிற வேலையே கிடையாது. எந்த நிமிடம், எந்த விநாடி, கேமரா எந்தக் கோணத்தில் திரும்ப வேண்டும், எந்த ஃபில்டர் போட வேண்டும், எத்தனை விநாடிக்கு ஒரு படம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிலவு சொன்ன நேரத்துக்கு வந்தால் படம். வரவில்லை என்றால் வெறும் வெள்ளைத் தட்டின் படங்கள்.

2004 மார்ச்சில் நடந்தது இதுதான். ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி என்ற இரட்டை ரோவர்கள் அந்த ஜனவரியில்தான் தரையிறங்கியிருந்தன. மார்ச் 4 அன்று ஆப்பர்ச்சூனிட்டி டெய்மோஸ் சூரியனைக் கடப்பதைப் படம் எடுத்தது. சில நாளில் போபோஸும் சிக்கியது. ரோவர்கள் முதன்முதலில் டெய்மோஸைப் பிடிக்க முயன்றபோது அது கணக்குப்படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, 40 கி.மீ. தள்ளி இருந்தது. டெய்மோஸ் விநாடிக்கு 1.35 கி.மீ. வேகத்தில் போகிறது. ஆக, அரை நிமிடப் பிசகு. நூற்று இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தொலைநோக்கியில் பார்த்துக் கணக்கு வைத்திருந்த ஒரு நிலவு, தரையில் ஒரு சின்னக் கேமராவை வைத்து அண்ணாந்து பார்த்தபோது வேறு இடத்தில் இருந்தது!

கிரகணத்தை ரசிக்கிற ஆள் இங்கே ஏமாறலாம். சுற்றுப்பாதைக் கணக்குப் போடுகிற ஆளுக்கு இதுதான் விருந்து. சூரியன் எங்கே இருக்கிறது என்பது மிகத் துல்லியமாகத் தெரியும். ரோவர் எங்கே நிற்கிறது என்பதும் தெரியும். இந்த இரண்டையும் இணைக்கிற நேர்கோட்டில், குறிப்பிட்ட விநாடியில் நிலவு வந்தது என்று படம் சாட்சி சொல்கிறது. ஒரு படத்திலேயே நிலவின் இருப்பிடத்தைச் சில கிலோமீட்டருக்குள் சுருக்கிவிடலாம். 2013 ஆகஸ்ட் 17 அன்று கியூரியாசிட்டி ரோவர் எடுத்த படங்கள் இதற்கு நல்ல உதாரணம். மூன்று விநாடிக்கு ஒரு படம் வீதம் எடுத்ததில், போபோஸ் எதிர்பார்த்ததைவிட 2, 3 கி.மீ. சூரியனின் நடுப்பகுதிக்கு நெருக்கமாகப் போனது தெரிந்தது. 2004-ல் டெய்மோஸ் விஷயத்தில் 40 கி.மீ. இருந்த பிசகு, 2013-ல் போபோஸ் விஷயத்தில் இந்த அளவுதான். இந்த வேலையில் தொடர்ந்து இருப்பவர்களில் ஒருவர் மார்க் லெம்மன். ஸ்பிரிட் காலத்திலிருந்து பெர்சிவரன்ஸ் வரை செவ்வாய்க் கிரகணச் செய்தி எதை எடுத்தாலும் அவர் பெயர் இருக்கும்.

நிலவு மொத்தச் சூரியனையும் மூடியிருந்தால் இவ்வளவு எளிதாக இருந்திருக்காது. வெள்ளைத் தட்டின் விளிம்பும் கறுப்புப் பாறையின் விளிம்பும் ஒரே படத்தில் முழுசாகத் தெரிவதால்தான் ஒன்றுக்கு எதிராக மற்றொன்றை அளக்க முடிகிறது.

நாசா ரோவர்களின் படங்கள் மெருகேறாத நிலையிலேயே இணையத்தில் வந்துவிழும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எனக்கு அது ஒரு கெட்ட பழக்கம். தூக்கம் வராத ராத்திரியில் போய் உட்கார்ந்துவிடுவேன். கல், மணல், ரோவரின் சக்கரம், மறுபடி கல். நடுவில் திடீரென்று ஒரு கறுப்புச் சதுரமும் அதில் ஒரு வெள்ளை வட்டமும் வரும். வழக்கமாக அது காற்றில் தூசி எவ்வளவு என்று அளப்பதற்காக எடுத்த சூரியப் படம். கிரகணம் என்றால் அப்படிப்பட்ட படங்கள் அடுக்கடுக்காக வரும். முதலில் தபால்தலை அளவு மாதிரிப் படங்கள், முழுப் படம் பிறகு. கியூரியாசிட்டியின் நீளக் குவியக் கேமராவில்கூட சூரியன் மொத்தமே 80 பிக்ஸல் சொச்சம்தான். போபோஸ் அதில் பாதிக்குக் கொஞ்சம் கூட. டெய்மோஸ் எட்டு பிக்ஸல். 2019 மார்ச் 17 அன்று கியூரியாசிட்டி எடுத்த டெய்மோஸ் படத்தைப் பார்த்தால், லென்ஸில் ஒட்டிய தூசி என்று தள்ளிவிடத் தோன்றும். அடுத்தடுத்த படத்தில் தூசி நகர்கிறது. அப்போதுதான் முதுகு நிமிர்கிறது.

அதே மாதம் 25-ஆம் தேதி கியூரியாசிட்டி செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பிடிக்கும். சூரியன் மறைந்த அந்தி வேளையில் கேமராவைத் திருப்பி வைத்திருந்தது. போபோஸின் நிழல் அந்தப் பக்கம் கடந்து போனபோது படம் மங்கிவிட்டுத் திரும்ப வெளுத்தது. நிலவும் இல்லை, சூரியனும் இல்லை. காற்றில் மிதக்கிற தூசிமேல் விழுந்த நிழல் மட்டும்.

நிழல் என்றதும் அதன் அளவையும் சொல்லிவிடுகிறேன். சூரியன் அகலமான விளக்கு என்பதால், போபோஸின் முழுக் கறுப்பு நிழல் ஊசி மாதிரிக் குறுகிக்கொண்டே போய், அதன் பின்னால் சுமார் 3,600 கி.மீ. தூரத்தில் முடிந்துவிடுகிறது. தரையோ 6,000 கி.மீ. கீழே. ஆகவே தரையைத் தொடுவது அரைநிழல் மட்டுமே. நான் போட்ட கணக்கில் அதன் அகலம் ஏறத்தாழ 60 கி.மீ. விநாடிக்கு இரண்டு கி.மீ. வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. அறுபதை இரண்டால் வகுத்தால் முப்பது விநாடி. கணக்கு சரிதான்.

நிழல் எப்போதும் தரையில் விழுவதும் இல்லை. இரண்டு நிலவுகளும் செவ்வாயின் நடுக்கோட்டுக்கு மேலேயே சுற்றுகின்றன. செவ்வாயின் அச்சோ 25 டிகிரி சாய்ந்திருக்கிறது. கோடை, குளிர் உச்சங்களில் சூரியன் மிகவும் சாய்வாக அடிப்பதால், போபோஸின் நிழல் துருவத்தையும் தாண்டி வெட்டவெளியில் போய்விடும். தூரத்தில் இருக்கிற டெய்மோஸுக்கு இது இன்னும் மோசம். இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டி மட்டும்தான் அதன் நிழல் செவ்வாய்மேல் விழும். ஆகவே ஒவ்வொரு ரோவருக்கும் செவ்வாய் ஆண்டில், அதாவது நம் 687 நாளில், இரண்டு கிரகணப் பருவங்கள்தான். பருவம் வந்தால் அடுத்தடுத்து வரும். போனால் மாதக்கணக்கில் ஒன்றுமே இல்லை.

இந்த நிழல் வேட்டை ரோவர்களோடு தொடங்கியதல்ல. 1977 செப்டம்பரில் போபோஸின் நிழல் வைக்கிங் 1 லேண்டர்மேல் விழுந்தது. தரையில் இருந்த கேமரா வெளிச்சம் குறைவதைப் பதிந்தது; மேலே சுற்றிய வைக்கிங் ஆர்பிட்டர் நிழலையே படம் எடுத்தது. இரண்டையும் பொருத்தி, லேண்டர் வரைபடத்தில் எங்கே நிற்கிறது என்று சரிபார்த்தார்கள். 1989-ல் சோவியத்தின் போபோஸ் 2 விண்கலம், நிழல் ஓடிய பாதையில் தரை குளிர்ந்துபோனதை வெப்பப் படத்தில் பிடித்தது. அரை நிமிட நிழலில் எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து, மேல்பரப்பின் மெல்லிய அடுக்கு பொடியா கல்லா என்று சொல்லிவிடலாம். பகல் முழுக்கக் காய்கிற வெயிலை வைத்து அளந்தால் ஆழத்து மண்ணும் கலந்து வரும். இந்த அவசர நிழல் மேல்தோலை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது.

ஆனால் என் மனசில் முதலிடம் இன்சைட் லேண்டருக்குத்தான். அது 2018 நவம்பரில் எலிசியம் சமவெளியில் இறங்கியது. வேலை, செவ்வாயில் நில அதிர்வு கேட்பது. கிரகணத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. போபோஸ் சூரியனைக் கடந்தபோது சோலார் தகட்டில் மின்சாரம் குறைந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதிர்வுமானியும் அசைந்ததுதான் விசேஷம். எவ்வளவு? ஒரு டிகிரியில் பத்து கோடியில் ஒரு பங்கு சாய்ந்தது. தரையில் ஒரு பக்கம் கொஞ்சம் குளிர்ந்து, கொஞ்சம் சுருங்கி, கருவி அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது.

காரணம் புரிந்த விதம் இன்னும் அழகு. ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் நிலவியல் ஆய்வகம் ஒரு பழைய வெள்ளிச் சுரங்கத்துக்குள் இருக்கிறது. பல வருடம் முன்பு அங்கே ஒரு அதிர்வுமானியைச் சோதித்தபோது, யாரோ விளக்கைப் போட்டு அணைத்தது கருவியில் தெரிந்திருக்கிறது. ஒரு 60 வாட் பல்பின் சூட்டில் கருங்கல் தரையின் மேல்பரப்பு துளி உப்பி, கருவியைச் சாய்த்துவிட்டது. இன்சைட் குழுவினர் அந்தப் பழைய அனுபவத்தை நினைவுக்குக் கொண்டுவந்து முடிச்சுப்போட்டார்கள். அங்கே பல்பு, இங்கே சூரியன்; ஸ்விட்சைத் தட்டியது போபோஸ்.

இவ்வளவு துல்லியமாக நேரம் குறித்து என்ன செய்வது? இங்கேதான் போபோஸின் ஜாதகம் வருகிறது.

இந்த இரு நிலவுகளையும் 1877 ஆகஸ்டில் வாஷிங்டன் கடற்படை வானாய்வகத்தில் ஆசாஃப் ஹால் கண்டுபிடித்தார். தேடிச் சலித்து விட்டுவிடப் பார்த்தவரை, இன்னும் ஒரு ராத்திரி பாருங்கள் என்று அனுப்பியவர் அவர் மனைவி ஏஞ்சலின் ஸ்டிக்னி. போபோஸின் ஆகப்பெரிய பள்ளத்துக்கு, 9 கி.மீ. அகலமானது, அவர் பெயர்தான். அதே வானாய்வகத்தைச் சேர்ந்த பெவன் ஷார்ப்லெஸ் 1945-ல் பழைய பதிவுகளையும் புதியவற்றையும் ஒப்பிட்டு, போபோஸ் கணக்கைவிட முந்திக்கொண்டே போகிறது என்று சொன்னார். ஒரு நிலவு முந்துகிறது என்றால் தாழ்ந்து வருகிறது என்று பொருள். ஏன் தாழ்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. 1950-களின் கடைசியில் சோவியத் வானியலாளர் யோசிஃப் ஷ்க்லோவ்ஸ்கி, செவ்வாயின் மெல்லிய காற்று இதை இழுக்க வேண்டுமானால் போபோஸ் உள்ளே வெற்றுக்கூடாக இருக்க வேண்டும், அப்படியானால் யாரோ செய்து வைத்ததோ என்று யோசனை சொன்னார். நல்ல மூளைக்காரர், ஆனால் அந்த யோசனையைப் பத்திரிகைகள் லேசில் விடவில்லை.

உண்மைக் காரணம் ஓதம். நம் கடலில் நிலா ஏற்றவற்றம் உண்டாக்குகிற அதே இழுப்பு. போபோஸ் செவ்வாயின் தரையைத் துளி உப்ப வைக்கிறது. போபோஸ் தரையைவிட வேகமாகச் சுற்றுவதால் அந்த உப்பல் எப்போதும் அதற்குக் கொஞ்சம் பின்தங்கி நின்று, அதைப் பின்னால் இழுக்கிறது. நூற்றாண்டுக்குச் சில மீட்டர் வீதம் அது கீழே இறங்குகிறது. நம் நிலாவுக்கு இது தலைகீழ். பூமி வேகமாகச் சுழல்வதால் அது ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. டெய்மோஸும் அப்படித்தான், மெதுவாக விலகுகிறது.

எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பது செவ்வாயின் உடம்பு எவ்வளவு நெகிழ்கிறது என்பதைப் பொறுத்தது. அது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே, ரோவர் தலையைத் தூக்கி "போபோஸ் ஒரு விநாடி முன்னால் வந்துவிட்டது" என்று குறித்தால், அந்தக் குறிப்பு கடைசியில் ஆயிரக்கணக்கான கி.மீ. ஆழத்தில் உள்ள பாறையைப் பற்றியது. சூரியனைப் பார்த்துக் காலடியை அளக்கிற இந்த வித்தை எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

இந்தியாவுக்கும் இந்தக் கதையில் ஒரு ஓரம் உண்டு. திருநெல்வேலிக்காரரான சுப்பையா அருணன் திட்ட இயக்குநராக இருந்த மங்கள்யான், 2020 ஜூலை 1 அன்று 4,200 கி.மீ. தொலைவிலிருந்து போபோஸைப் படம் எடுத்தது. ஸ்டிக்னி பள்ளம் அதில் தெளிவாகத் தெரியும். மங்கள்யானின் பாதை மிக நீண்ட நீள்வட்டம் என்பதால் டெய்மோஸைத் தாண்டி வெளியே போய், செவ்வாயிலிருந்து எப்போதும் தெரியாத அதன் முதுகையும் பார்த்தது. ரோவர்கள் நிழலுருவத்தை மட்டும் பார்க்கும்போது இப்படிப்பட்ட படங்கள் முகத்தைக் காட்டுகின்றன. இந்த நிலவுகள் எங்கிருந்து வந்தன, மாட்டிக்கொண்ட சிறுகோள்களா, செவ்வாய்மேல் ஏதோ மோதிச் சிதறிய துண்டுகளா என்பது மட்டும் இன்னும் தீராத வழக்கு. போபோஸிலிருந்து மண் அள்ளிவர ஜப்பான் எம்எம்எக்ஸ் என்றொரு பயணத்தைத் திட்டமிட்டிருக்கிறது. வழக்கு அங்கே தீரலாம்.

சரி, போபோஸ் இறங்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? மூன்றிலிருந்து ஐந்து கோடி ஆண்டுக்குள் ஒன்று செவ்வாய்மேல் விழும், அல்லது ஈர்ப்பில் பிய்ந்து வளையமாகும். இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன சாத்தியம் இருக்கிறது. மேலே சொன்ன 3,600 கி.மீ. கூர்நிழலை நினைத்துப் பாருங்கள். போபோஸ் உடையாமல் அந்த உயரத்துக்குக் கீழே வந்துவிட்டால், நிழலின் முனை தரையைத் தொடும். அன்றைக்குச் செவ்வாயில் முதல் முழுக் கிரகணம். அதுவும் கண் இமைக்கிற நேரம்தான். அதற்குள் நம் நிலா கொஞ்சம் விலகியிருக்கும். இன்னும் 60 கோடி ஆண்டு போனால் பூமியில் முழுக் கிரகணமே இருக்காது, வளையம் மட்டும்தான்.

சூரியனைக் கடக்கிறவை நிலவுகள் மட்டும் அல்ல. 2014 ஜூன் 3 அன்று கியூரியாசிட்டி, புதன் சூரியனைக் கடப்பதைப் பார்த்தது. பூமியைத் தவிர வேறொரு கோளிலிருந்து இன்னொரு கோளின் கடப்பைப் பார்த்தது அதுவே முதல் முறை. புதன் அந்தப் படத்தில் ஒரு பிக்ஸலில் ஆறில் ஒரு பங்கு. அதாவது ஒரு பிக்ஸல் லேசாக மங்கியது, அந்த மங்கல் நகர்ந்தது. அதை வைத்துத்தான் சொன்னார்கள்.

பூமியும் ஒருநாள் செவ்வாயின் சூரியனைக் கடக்கும். கடைசியாக 1984 மே 11 அன்று கடந்தது. வைக்கிங் 1 லேண்டர் நல்லபடியாக இருந்திருந்தால் அப்போது அங்கே ஒரு கேமரா இருந்திருக்கும். 1982 நவம்பரில் பூமியிலிருந்து அனுப்பிய ஒரு தப்பான கட்டளையால் அதன் தொடர்பு அறுந்துபோனது. ஒன்றரை வருடத்தில் தவறவிட்டோம். அடுத்தது 2084 நவம்பர் 10. கியூரியாசிட்டியின் கேமராவை வைத்து எடுத்தால் பூமி இரண்டு பிக்ஸல் வரும், நம் நிலா அரை பிக்ஸல். அதற்குள் செவ்வாயில் மனிதர் குடியேறியிருப்பார்கள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு ஆளெல்லாம் வேண்டாம். வேலை செய்கிற ஒரு கேமராவும், அதற்குச் சரியான கட்டளை அனுப்ப ஒரு ஆளும் போதும்.